காளைச் சின்னத்தை மலையில் ஓடவிட்ட பாட்டு... பண்ணைப்புரத்து வீட்டின் முதல் ஹிட் யாருடையது தெரியுமா?

தேனியிலிருந்து கம்பம் போகிற ராத்திரி பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னமனூர் தாண்டியாச்சு. வெளியே வயல், வாழை, தென்னை. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் வாசத்தோடு காற்று உள்ளே வருகிறது. டிரைவர் ஒரு பாட்டைப் போடுகிறார். முதலில் கிட்டார் மட்டும். பிறகு ஜேசுதாஸ். 1980-ல் வந்த 'மூடுபனி' படத்தில் பிரதாப் போத்தன் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பாடுவாரே, அந்தப் பாட்டு. பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கம். மீதிப் பேர் உதட்டை மட்டும் அசைக்கிறார்கள். பாட்டு முடிகிற வரைக்கும் யாரும் போன் பேசவில்லை.

மெட்டு இளையராஜா, அவருக்கு அது நூறாவது படம். வரிகள் கங்கை அமரன். இருவருமே நீங்கள் போய்க்கொண்டிருக்கிற பள்ளத்தாக்கின் பிள்ளைகள். உத்தமபாளையம் பக்கம், கோம்பையையும் தேவாரத்தையும் ஒட்டிய பண்ணைப்புரம் அவர்கள் ஊர். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஆனால் அந்த வீட்டிலிருந்து கிளம்பிய முதல் ஹிட் பாட்டு இவர்கள் இருவருடையதும் இல்லை. அதற்கு 22 வருஷம் முன்னால், 1958-லேயே ஒரு பாட்டு இதே மலையைக் கிடுகிடுக்க வைத்துவிட்டது. அதைக் கட்டியவர் இவர்களின் மூத்த அண்ணன் பாவலர் வரதராஜன். 'அலைகள் ஓய்வதில்லை' படத்தின் டைட்டிலில் பாவலர் கிரியேஷன்ஸ் என்று ஒரு பெயர் வருமே, பார்த்திருப்பீர்கள். அந்தப் பாவலர்தான் இவர்.

மலைக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு

பண்ணைப்புரத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலைதான் தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளம், மூணாறு. அங்கே தேயிலை, ஏலம். அந்தத் தோட்டங்களில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலானோர் தென்மாவட்டங்களிலிருந்து மலையேறிய தமிழர்கள். கம்பம் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் விடிவதற்கு முன்னால் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களைப் பார்க்கலாம். மலையும் பள்ளத்தாக்கும் வேறு வேறு மாநிலம் என்பதெல்லாம் செக்போஸ்ட்டில் மட்டும்தான்.

பாவலரின் அப்பா ராமசாமியும் மலைத்தோட்ட வேலையில் இருந்தவர். அவர் காலத்துக்குப் பிறகு வீட்டுப் பாரம் முழுக்க சின்னத்தாயம்மாள் தலையிலும் மூத்தவர் வரதராஜன் தலையிலும் விழுந்தது. பின்னாலேயே தம்பிகள் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங். ராசய்யா பிறகு இளையராஜா ஆனார், அமர்சிங் கங்கை அமரன் ஆனார். அதெல்லாம் ரொம்பப் பிந்தி வந்த கதை. அன்றைக்கு அது கடன் வாங்கித் தின்ற வீடு. அந்த வீட்டில் இருந்த ஒரே சொத்து மாதிரியான பொருள் ஒரு ஹார்மோனியம்.

வரதராஜனுக்கு இரண்டு கை வந்த கலைகள். ஒன்று ஹார்மோனியம். இன்னொன்று, எந்த விஷயத்தைக் கொடுத்தாலும் அதை அங்கேயே, அப்போதே பாட்டாகக் கட்டுவது. காலையில் நடந்த சம்பவம் ராத்திரி மேடையில் பாட்டாகிவிடும். பாவலர் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது அதனால்தான். அந்தக் காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் பொதுவுடைமைக் கட்சி வேகமாக வேர்பிடித்தது. கட்சி மேடைக்குக் கூட்டம் சேர்க்கிற ஆள் வேண்டும். பாவலருக்குப் பாட மேடை வேண்டும். இரண்டும் சேர்ந்துகொண்டன.

ஒரு தொகுதி, ஓர் அரசாங்கம்

இப்போது 1958-க்கு வாருங்கள். கொஞ்சம் அரசியல் தெரிந்தால்தான் பாட்டின் எடை தெரியும்.

1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போய்விட்டன. தமிழர்கள் மனதில் அந்தக் காயம் ஆறவில்லை. அடுத்த வருஷமே கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. தேர்தலில் ஜெயித்து ஒரு கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்தது இந்தியாவில் அதுதான் முதல் முறை. ஆனால் பலம் ரொம்பக் கொஞ்சம். 126 இடங்களில் கட்சிக்குக் கிடைத்தது 60. ஆதரவு கொடுத்த சுயேச்சைகள் 5 பேர். அந்த அஞ்சு பேரை நம்பித்தான் வண்டி ஓடியது.

அந்த நேரத்தில்தான் தேவிகுளத்தில் அடி விழுந்தது. அங்கே ஜெயித்தவர் ரோசம்மா புன்னூஸ். கேரள சட்டமன்றத்தில் முதன்முதலாகப் பதவிப் பிரமாணம் எடுத்த உறுப்பினர். வேட்புமனு ஒன்றைத் தள்ளுபடி செய்தது சரியில்லை என்று வழக்காகி, அவருடைய தேர்தலே செல்லாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. இடைத்தேர்தல். எதிரே காங்கிரஸ் வேட்பாளர் பி.கே.நாயர். ஆட்சியின் மீதான முதல் பெரிய பரீட்சை என்று நாடே பார்த்துக்கொண்டிருந்தது.

பரீட்சை எழுதப் போகிறவர்களோ தேயிலைத் தோட்டத்து லயங்களில் இருந்த தமிழர்கள். அவர்களிடம் மலையாளத்தில் என்ன பேசி என்ன? மணிக்கணக்காகப் பொருளாதாரம் விளக்கினால் நாளெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்தவர்கள் உட்கார்ந்து கேட்பார்களா? மலைக்கு இந்தப் பக்கம் ஆள் தேடினார்கள். பண்ணைப்புரத்துக்குச் சொல்லியனுப்பினார்கள். பாவலருக்கு அப்போது உடம்பு சரியில்லை. அம்மா ஒரு யோசனை சொன்னார். துணைக்குச் சின்னவன் ராசய்யாவைக் கூட்டிக்கொண்டு போகட்டும், அண்ணன் தொண்டை ஓயும்போது அவன் பாடட்டும் என்றார். ராசய்யாவுக்குப் பதினான்கு வயசு சுமார். நீங்கள் நாற்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற அத்தனை பாட்டுக்கும் ஆரம்பம், ஒரு அம்மா வீட்டுக் கஷ்டத்துக்காக எடுத்த அந்த முடிவுதான்.

பாட்டு எப்படிக் கட்டப்பட்டது?

அந்தக் காலத்தில் காங்கிரஸின் சின்னம் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. பொதுவுடைமைக் கட்சிக்குக் கதிர் அரிவாள். எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளருக்கு வேட்பாளர் என்றால் சின்னம்தான். 1957 தேர்தல் வரைக்கும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. பெட்டி மேல் சின்னம் ஒட்டியிருக்கும். எந்தப் பெட்டியில் சீட்டைப் போடுகிறீர்களோ அதுதான் உங்கள் ஓட்டு. எனவே ஜனங்கள் மனதில் பதிந்திருந்தது நேருவின் முகத்தைவிட அந்த மாட்டின் முகம்தான்.

பாவலர் கை வைத்தது அங்கேதான். கொள்கை விளக்கம் இல்லை, தலைவர் புகழ் இல்லை. நேரே மாட்டைப் பிடித்தார். அந்தக் காளைகள் இரண்டும் வசமாக மாட்டிக்கொண்டு வழி தெரியாமல் முழிக்கிறதாகக் கேலி செய்து ஒரு பாட்டு. கும்மியடிக்கிற பெண்கள் வாயில் புரள்கிற மாதிரி பேச்சுத் தமிழ். ஒரு தடவை கேட்டால் அடுத்த தடவை கூடவே பாடிவிடலாம்.

இது சாதாரண வேலை இல்லை என்பது மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும். தோட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் எங்கோ ஒரு கிராமத்தில் மாடு மேய்த்தவர்கள், மாட்டைப் பறிகொடுத்தவர்கள். காளை அவர்களுக்குச் செல்வம், கௌரவம், ஏறக்குறைய சாமி. அந்தச் சின்னத்தைக் காங்கிரஸ் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் அதுதானே! அந்த மரியாதையைக் கெடுக்காமல், மாட்டைப் பார்த்தே சிரிக்கவைக்க வேண்டும். ஒரு சொல் தடித்தாலும் கூட்டம் கோபித்துக்கொள்ளும். பாவலர் பாட்டுக்குக் கூட்டம் சிரித்தது. சிரித்த பிறகு ஓட்டுப் பெட்டி மேல் அந்தக் காளைகளைப் பார்த்தால் பாட்டு ஞாபகம் வராமல் இருக்குமா?

மெட்டு விஷயத்திலும் பாவலர் கெட்டிக்காரர். ஜனங்கள் காதில் ஏற்கெனவே குடியிருக்கிற நாட்டுப்புற மெட்டு, சினிமா மெட்டு எதுவானாலும் அதில் தன் வரிகளை ஏற்றிவிடுவார். பாட்டைப் புதிதாக யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, வார்த்தையை மாற்றினால் போதும். அமெரிக்காவில் ஜோ ஹில் என்று ஒரு தொழிலாளி இருந்தார். சர்ச்சில் பாடுகிற மெட்டுகளை எடுத்துச் சங்கத்துப் பாட்டாக்கினார். 1915-ல் அவரைச் சுட்டு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். பாட்டுகள் நிற்கவில்லை. பாவலர் ஜோ ஹில்லைக் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏழைகளுக்குப் பாடுகிறவன் எந்த ஊரில் இருந்தாலும் இந்தக் குறுக்குவழியைத் தானே கண்டுபிடித்துவிடுவான்.

ஹிட் என்றால் இதுதான்

ரெக்கார்டு கிடையாது, ரேடியோ கிடையாது. அந்தப் பாட்டு போன வண்டி மனுஷ வாய்தான். ஒரு லயத்தில் பாடினால் அடுத்த எஸ்டேட்டுக்கு அவர்கள் போவதற்கு முன்னாலேயே பாட்டு போய்ச் சேர்ந்துவிடும். கொழுந்து பறிக்கிற நிரையில், தண்ணீர்க் குழாயடியில், பிள்ளைகள் விளையாட்டில் எல்லாம் அதே பாட்டுதான்.

ரோசம்மா புன்னூஸ் திரும்பவும் ஜெயித்தார். ஆட்சி மூச்சு விட்டது. வெற்றிக்கூட்டத்தில் முதலமைச்சர் ஈ.எம்.எஸ்., இந்த வெற்றியின் பெருமை பாவலருக்கே சேரும் என்று சொல்லி மாலையை அவர் கழுத்தில் போடவைத்தார் என்பது பள்ளத்தாக்கில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லப்படுகிற கதை. ஒரு பாட்டுக்காரனுக்கு ஒரு முதலமைச்சர் கையிலிருந்து இதைவிடப் பெரிய விருது என்ன இருக்கிறது?

ஆனால் நாம் பாட்டை மட்டும் பார்த்துவிட்டு மலையிறங்கிவிடக் கூடாது. அதே 1958 அக்டோபரில் மூணாறு தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் ஓட்டுப் போட்டுக் காப்பாற்றிய அதே அரசாங்கத்தின் போலீஸ் சுட்டது. இரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். அடுத்த ஜூலை 31-ல் ஈ.எம்.எஸ். ஆட்சியை மத்திய அரசு கலைத்துவிட்டது. பாட்டால் ஓட்டை வாங்க முடிந்தது. அந்த ஓட்டு என்னவாகும் என்பது பாட்டுக்காரன் கையில் இல்லை.

பிரம்பும் ஹார்மோனியமும்

மலையிலிருந்து இறங்கியபோது பாவலர் வரதராஜன் ஒரு பெயர். அதன் பிறகு தமிழ்நாடு பூராவும் கச்சேரிதான். தம்பிகளும் சேர்ந்து பாவலர் பிரதர்ஸ் ஆனார்கள். பாஸ்கர் தபேலா. குரல் உடைகிறவரைக்கும் பெண் குரல் பாட்டுகளுக்கு ராசய்யா. குரல் உடைந்த பிறகு ஹார்மோனியத்துக்கு மாறினார்.

அதில் ஒரு சங்கதி இருக்கிறது. வீட்டு ஹார்மோனியத்தைத் தம்பிகள் தொடவே கூடாது என்பது அண்ணன் சட்டம். தொட்டது தெரிந்தால் புறங்கையில் பிரம்படி. அண்ணன் வெளியூர் போனதும் தம்பி திருட்டுத்தனமாக எடுத்து வாசித்துப் பழகினார். இன்றைய கண்ணோடு பார்த்தால் பாவலர் மேல் உங்களுக்குக் கோபம் வரலாம். ஆனால் அது சோறு போடுகிற பெட்டி. ஒரு கட்டை உடைந்தால் ரிப்பேருக்குக் காசில்லை, ரிப்பேர் ஆகிறவரைக்கும் கச்சேரியும் இல்லை, கச்சேரி இல்லையென்றால் அடுப்பும் இல்லை. வீட்டில் மூத்தவராகப் பிறந்த யாரைக் கேட்டாலும் அந்தப் பிரம்பின் அர்த்தத்தைச் சொல்வார்கள்.

கடைசியில் அதே அண்ணன்தான் தம்பியை மேடையில் ஹார்மோனியத்தின் முன்னால் உட்காரவைத்தார். பத்து வருஷத்துக்கு ஊர் ஊராக அலைச்சல். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பேச்சு, ஒரு தாளம், ஒரு சிரிப்பு. கூட்டம் எங்கே கலைகிறது, எந்த இடத்தில் உட்காருகிறது என்று எந்த இசைக் கல்லூரியிலும் பாடம் கிடையாது. தம்பிகள் அதை மேடையிலேயே கற்றார்கள்.

காசு? கட்சிக் கச்சேரியில் என்ன வந்துவிடப் போகிறது. சில ஊரில் சாப்பாடும் வழிச்செலவும். 1964-ல் கட்சியும் இரண்டாகப் பிளந்தது. வளர்ந்த தம்பிகளுக்குச் சினிமாக் கனவு. அவர்களோடு கூடப் பழகிய அல்லிநகரத்து சிநேகிதர் பாரதிராஜாவுக்கும் அதே கனவு. 1960-களின் கடைசியில் தம்பிகள் சென்னைக்குக் கிளம்பியபோது சின்னத்தாயம்மாள் வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாயைக் கையில் கொடுத்தார். பிள்ளைகள் பாட்டு ரேடியோவில் வரவேண்டும் என்பதற்காக ரேடியோவையே விற்ற தாய்!

பாவலர் பள்ளத்தாக்கிலேயே நின்றுவிட்டார். 1973-ல் காலமானார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்து, தமிழ்நாட்டின் டீக்கடை எல்லாம் கிராமத்து மெட்டில் முழுகியபோது அதைக் கேட்க அண்ணன் இல்லை.

மாடு போனது, பாட்டும் போனது

அந்த 1958 பாட்டு இப்போது எங்கே? நியாயமான கேள்வி. 1969-ல் காங்கிரஸ் உடைந்தது. இரட்டைக் காளைச் சின்னத்துக்கு இரண்டு பக்கமும் அடித்துக்கொள்ள, சின்னமே முடக்கப்பட்டது. 1971-ல் இந்திரா காந்தி பசுவும் கன்றுமாக வந்தார். கேலி செய்ய மாடு இல்லாமல் போனதும் பாட்டுக்கும் வேலை இல்லாமல் போனது. வயதான தோழர்கள் நினைவில் மட்டும் ஓரிரண்டு அடி தங்கியது.

இப்போது மறுபடி உங்கள் பஸ்ஸுக்கு வாருங்கள். 'மூடுபனி' பாட்டும் ஒரு வேலைக்காகக் கட்டப்பட்டதுதான். பாலு மகேந்திராவின் கதையில் பிரதாப் பாத்திரம் ஒரு கொலைகாரன். தூக்கிக்கொண்டு வந்த பெண்ணின் முன்னால் உட்கார்ந்து அவன் பாடுகிறான். நியாயமாகப் பார்த்தால் பயந்து நடுங்க வேண்டிய காட்சி. ஜனங்களோ கொலைகாரனை மறந்துவிட்டுப் பாட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். கல்லூரி விடுதியில் கிட்டார் வாங்கிய ஒவ்வொரு பையனும் முதலில் வாசித்துப் பார்த்தது அதைத்தான். எதற்காகக் கட்டினார்களோ அதைத் தாண்டி அது வாழ்கிறது.

அண்ணன் பாட்டு வேலையை முடித்ததும் செத்தது. தம்பி பாட்டு வேலை முடிந்த பிறகும் உயிரோடு இருக்கிறது. அப்படியானால் அண்ணன் தோற்றாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. லண்டன் டிரினிட்டி காலேஜ் பரீட்சை எழுதி மேற்கத்திய கிட்டார் படித்தவர் தம்பி. அந்தப் படிப்பை எல்லாம் வைத்துக்கொண்டு பெரிய வித்தை காட்டியிருக்கலாம். ஆனால் அந்தப் பாட்டில் கேட்டுப் பாருங்கள், முதல் தடவை கேட்கிறவரும் கூடவே முனகுகிற மாதிரியான மெட்டு. தம்பி அமரனின் வரிகளும் பேசுகிற சொற்கள்தான், அகராதி தேவையில்லை. தேயிலைக்காட்டில் களைத்துப்போய் நின்ற பெண்கள் ஒரே தடவையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அண்ணன் போட்ட கணக்கு அது. கிட்டாருக்கு அடியில் அந்த ஹார்மோனியம் இருக்கிறது.

நம் வீடுகளிலும் ஒரு பாவலர் இருப்பார். தம்பி தங்கையைப் படிக்கவைத்துவிட்டு, தான் பாடியதைப் பதிவு பண்ணாமலே போய்ச்சேர்ந்த ஒரு அண்ணனோ அக்காவோ. பெயர் வாங்கியவர்களைத்தான் நமக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் முதலில் பாடியது யார் என்று நாம் கேட்பதே இல்லை.

அடுத்த முறை மூணாறுக்குப் போடிமெட்டு வழியாகப் போனால், மேலே ஏறியதும் வண்டியை ஓரம் கட்டுங்கள். ஒரு பக்கம் தேயிலை. இன்னொரு பக்கம் கீழே கம்பம் பள்ளத்தாக்கு. சும்மா ஒரு நிமிஷம் நில்லுங்கள். காய்ச்சலோடு ஓர் அண்ணன், பக்கத்தில் டவுசர் போட்ட தம்பி, நடுவே ஒரு ஹார்மோனியப் பெட்டி. இந்த மலை மேல்தான் அவர்கள் பாடப் போனார்கள். பிறகு காரில் ஏறி 'மூடுபனி' பாட்டைப் போடுங்கள். இந்தத் தடவை அது உங்களுக்கு வேறு மாதிரி கேட்கும்.